மரம் கொடுத்தவர் ஓட்டுப் போடக் கூடாது

திருடுகிற கமிட்டிக்காரனைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவனைப் பிடிக்க ஆடிட்டர் இருக்கிறார், ரிஜிஸ்திரார் ஆபீஸ் இருக்கிறது, கடைசியில் போலீஸும் இருக்கிறது. சொசைட்டி மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் பயப்பட வேண்டியது திருடாதவனுக்கு. நல்லவன், நாலு பேருக்கு உதவுகிறவன், சங்கத்துப் பணத்தில் ஒரு பைசா தொடாதவன். அவன் ஒரு கையால் சொசைட்டிக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையை ஓட்டுக்குத் தூக்குவான். அதில் தப்பிருப்பதாக அவனுக்கே தோன்றாது. ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் உங்களுக்கும் தோன்றாது.

பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு குடியிருப்புச் சொசைட்டி. செயலாளருக்குப் பெயின்ட் கடை. அந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி வெள்ளையடிப்பார்கள், ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவார்கள். வெளியே பார்த்தால் மணப்பெண் மாதிரி நிற்கும். உள்ளே மழைக்காலத்தில் கட்டில்மேல் ஒழுகும். மொட்டை மாடிக்குத் தார் போட வேண்டும் என்று யாராவது எழுந்தால், "மொதல்ல சுவத்தப் பார்ப்போம்" என்பார் செயலாளர். கெட்டவர் இல்லை. கடைக்காரர். அவர் கண்ணில் சுவர்தான் படும். அங்கே நனைந்தது பாயும் தலையணையும். செம்பூரில் உயிர் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அறுபதுகளில், அங்கே நான் மேனேஜராக இருந்தபோது நடந்தது. நம் தமிழ் ஆட்கள் பங்கு போட்டுச் சேர்ந்து கட்டிய கட்டடம் அது. தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும். முன்பக்கம் ரோட்டைப் பார்த்த பெரிய வீடுகள். பின்பக்கம் முற்றத்தைப் பார்த்த சின்ன வீடுகள். கமிட்டியில் ஐந்து பேர், ஐந்து பேரும் முன்பக்கம். பின்பக்கத்துக்காரர்கள் தாராவிப் பட்டறைக்கும் அம்பர்நாத் ஃபாக்டரிக்கும் போகிறவர்கள். கூட்டம் நடக்கிற நேரத்தில் அவர்கள் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே இதைப் பாருங்கள். கமிட்டி எந்தப் பக்கம் குடியிருக்கிறது? கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

பின்பக்கத்து பால்கனிகளின் உத்தரம் விரிசல் விட்டுவிட்டது. கட்டும்போது எவனோ உப்பு மணலைக் கலந்திருக்கிறான். கம்பி துருவேறி ஊதி, காரை பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. முனிசிபாலிட்டி ஆள் வந்து பார்த்தார். உடனே முட்டுக் கொடுங்கள், பிறகு உத்தரத்தை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பாதியை மறுநாளே செய்தார்கள். தரையிலிருந்து முதல் மாடி பால்கனிக்கு முட்டு மரங்கள். முதல் மாடி பால்கனியில் நிறுத்தி இரண்டாம் மாடிக்கு முட்டு மரங்கள். இரண்டாம் பாதியைச் செய்யவே இல்லை.

மரம் ஏற்பாடு செய்தவர் பொருளாளர். திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஊரிலிருந்து வேலை தேடி வருகிற பையன்களுக்குச் சாப்பாடு போட்டு இடம் பார்த்துக் கொடுப்பார். அவர் மனைவியின் தம்பிக்குத் தாராவியில் மரக்கடை. அங்கிருந்து மாத வாடகைக்கு மரம் வந்தது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். வேறு இரண்டு மரக்கடைகளில் நானே விசாரித்தேன். அண்ணாச்சி கொடுத்தது மலிவு. அதனால் எல்லோருக்கும் அவர்மேல் நன்றி வேறு.

உத்தரத்தை மாற்றுகிற பேச்சு கமிட்டியில் வரும்போதெல்லாம் அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "முட்டுக் குடுத்தாச்சுல்லா, பெறவு என்ன அவசரம்?" மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு மழைக்காலம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

முதல் மாடி பின்வீட்டில் இருந்தது ஆயிஷா அம்மா. புருஷனுக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. அந்த அம்மா பால்கனிக் கதவைக் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தாள். துணியைக் கூடத்துக்குள்ளேயே காயப்போடுவாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்: "மேனேஜர் அண்ணே, எம் புள்ளைங்க ஓடுற புள்ளைங்க. நான் கதவக் கட்டுவனா, சோறு பொங்குவனா? எப்பண்ணே வேலை நடக்கும்?" நான் கமிட்டியில் சொல்வேன். கமிட்டி முட்டு மரத்தைக் காட்டும்.

அப்போது சேர்மன் வீட்டில் கல்யாணம் வந்தது.

சேர்மன் ரயில்வேயில் பெரிய அதிகாரி. ஆபீஸ் பியூனிடம் பேசுகிற மாதிரியே எல்லோரிடமும் பேசுவார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். தாலி கட்டுவது மாட்டுங்காவில் மண்டபத்தில். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புச் சாப்பாடு மட்டும் சொசைட்டி முற்றத்தில் என்று முடிவு செய்திருந்தார். முற்றத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் சேர்மன். கேட்டவரும் சேர்மன். கொடுத்துக்கொண்டார். அது போதாதென்று, பந்திப் பாய் விரிக்க முட்டு மரங்கள் இடைஞ்சலாக இருக்கின்றன என்றார். அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில்தான் கமிட்டி கூடும். அழைப்புக்கு முதல் நாள் மாலை அங்கே காப்பி குடித்துக்கொண்டே இதைச் சொன்னார்.

"கீழ இருக்கற மரத்த மட்டும் ஒரு நாளைக்கு எடுத்துடலாம். மறுநாள் திருப்பி வெச்சுண்டா ஆச்சு. என்ன அண்ணாச்சி?"

"அதுக்கென்ன சார். மச்சினன்கிட்ட காலையிலயே கேட்டுட்டேன். எடுத்திரலாம்னுட்டான். நம்ம வீட்டுக் கல்யாணம்லா."

"கீழே எடுத்தா, ரெண்டாம் மாடி பாரமும் சேர்ந்து முதல் மாடி பால்கனி மேல உக்காரும்" என்றேன் நான். "அன்னைக்குன்னு பார்த்துப் பொம்பளைங்களும் குழந்தைங்களும் மாப்பிள்ளையப் பார்க்க பால்கனிலதான் வந்து நிப்பாங்க."

"என்ன ஓய், வானம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"வானம் விழாது சார். பால்கனி விழும்."

ஒருத்தர் சிரித்தார். சேர்மன் சிரிக்கவில்லை. நான் அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணாச்சி, அந்த மரம் வேணுமா, வேண்டாமா? வேணும்னா ஒரு நாள்கூட எடுக்கக் கூடாது. வேண்டாம்னா இத்தனை மாசமா எதுக்கு வாடகை?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன துட்டுக்காகவா செய்யேன்? என் மச்சினன் வெளிய குடுத்தா கூடக் கெடைக்கும், தெரியுமா உமக்கு?"

"தெரியும். விசாரிச்சேன். உங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா இந்தக் கேள்விக்கு யார் வேணா பதில் சொல்லலாம். மரம் குடுத்த நீங்க சொல்லக் கூடாது. முற்றம் கேட்ட சேர்மனும் சொல்லக் கூடாது."

  சேர்மன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நீர் யார்கிட்ட ஓய் சம்பளம் வாங்கறீர்?"

"சொசைட்டிகிட்ட சார்."

"நான்தானே ஓய் சொசைட்டி!"

இந்த வாக்கியத்தை எல்லாச் சேர்மனும் ஒரு நாள் சொல்வார்கள். உங்களிடமும் சொல்வார்கள். அப்போது எதிர்த்துக் கத்தாதீர்கள், தலையும் ஆட்டாதீர்கள். அன்றைக்கு மரத்தை எடுப்பது என்று கை தூக்கினார்கள். சேர்மனும் தூக்கினார், அண்ணாச்சியும் தூக்கினார். ஒருவருக்கு முற்றம் கிடைத்தது. இன்னொருவருக்கு, உத்தரத்தைப் பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள் என்ற நிம்மதி கிடைத்தது. இரண்டு பேரும் மனசறிந்து பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டு பேருமே வெட்கப்பட்டிருப்பார்கள். பேசாமலே முடிகிற பேரத்துக்குத்தான் வெட்கம் கிடையாது.

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் மச்சினன் கைவண்டியோடு வந்தான். கூட இரண்டு கூலியாட்கள். பந்தல்காரர்கள் கயிறும் தார்ப்பாயுமாகக் காத்திருந்தார்கள். சமையல்காரர் அண்டாக்களை இறக்கிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். சேர்மன் பட்டு வேஷ்டியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முட்டு மரத்தின் அடியில் ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். சும்மா நிற்கிற மரமென்றால் ஆப்பைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்று வரும். கூலியாள் தட்டினான். வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான். மேலே உத்தரத்திலிருந்து காரைப் பொடி அவன் தலையில் கொட்டியது.

மச்சினன் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "பாரம் எறங்கியிருக்கு அத்தான்" என்றான்.

"வருமா வராதாலே?" என்றார் அண்ணாச்சி.

"வந்துரும். ஏ, அந்தச் சம்மட்டிய எடுலே."

நான் மரத்துக்கும் சம்மட்டிக்கும் நடுவில் போய் நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். மேலே கயிறு கட்டிய கதவுக்குப் பின்னால் ஆயிஷா அம்மாவின் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"நகரும் ஓய்! சம்பந்தி வர்ற நேரம்!" என்றார் சேர்மன்.

"நகர்றேன் சார். ஒரு கண்டிஷன். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க யாராவது ஒருத்தர் மேல போய் அந்த பால்கனில நில்லுங்க. நானே ஆப்பத் தட்டி எடுக்கறேன்."

சேர்மன் திரும்பிப் பந்தல்காரனை எதற்கோ திட்ட ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். கேட்டதும் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள், மரம் தப்பிக்கும் என்பது என் கணக்கு. ஆனால் அண்ணாச்சி வேஷ்டியை மடித்துக் கட்டினார்.

"நான் போறேன்" என்றார். "என் பேச்ச நம்பாத ஊர்ல நான் இருக்கப்படாது."

ரோஷக்காரனிடம் இந்த மாதிரிச் சவால் விடாதீர்கள். அவன் ஏற்றுக்கொள்வான். படியேறுகிற அவருக்குப் பின்னால் "வேண்டாம் அண்ணாச்சி" என்று நான் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் மாடிக் கதவு திறந்தது. ஆயிஷா அம்மாவின் குரல் கீழே வரை கேட்டது.

"வாங்க அண்ணாச்சி. நில்லுங்க. ஏ புள்ளைங்களா, முன்பக்கம் மாடிப்படிக்குப் போங்க எல்லாரும்."

கயிற்றை அவிழ்க்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பால்கனிக் கதவு திறந்தது. அண்ணாச்சி வெளியே வந்து, முட்டு மரங்களுக்கு நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுலே!" என்றார் மேலிருந்து.

மச்சினன் கூலியாளிடமிருந்து சம்மட்டியை வாங்கித் தானே ஓங்கினான். மேலே பார்த்தான். கீழே மரத்தைப் பார்த்தான். சம்மட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டான்.

"மாட்டேன் அத்தான்."

"எடுலேங்கேன்!"

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல? எறங்குங்க அத்தான். இந்த மரத்த நான் எடுக்க மாட்டேன். எவன் எடுத்தாலும் கைய முறிப்பேன்."

 ஆயிஷா அம்மா பால்கனிக்கு வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்துக் கேட்டாள். கத்தவில்லை.

"ஏன் தம்பி, நேத்து எடுக்கலாம்னு சொன்ன மரந்தானே? நேத்து மேல நாங்க மட்டுந்தானே இருந்தோம்?"

மச்சினன் குனிந்து ஆப்பு அசைந்திருக்கிறதா என்று பார்த்தான். என்ன சொல்வான்? ஆசாமி பொய் சொல்லவில்லை. நேற்றும் அதே மரம்தான், அதே பாரம்தான். நேற்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது கல்யாணம். இன்றைக்குத் தெரிந்தது அக்கா புருஷன். நான் கமிட்டியில் வாய் வலிக்கச் சொன்னதை அந்த அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

அண்ணாச்சி நகரவில்லை. கோபத்தில் ஏறிவிட்டார். கீழே பார்த்த பிறகு காலை எடுத்து வைக்க அவருக்குப் பயம். கைப்பிடிச் சுவரை விடவே இல்லை. ஆயிஷா அம்மாதான் வழி சொன்னாள். "அங்க மிதிக்காதீங்க. செவுத்து ஓரமா வாங்க. இப்படி. கதவப் பிடிச்சுக்கிடுங்க." குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிச் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பந்தி முன்பக்கம் ரோட்டோரத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. சேர்மன் மட்டும் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டம் வழக்கம்போல அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில். முதல் விஷயம் உத்தரம் மாற்றுவது. சேர்மன் படித்து முடித்ததும் அண்ணாச்சி எழுந்தார். "இதுல மரம் என் மச்சினனோடது. நான் இருக்கப்படாது" என்றார். தன் வீட்டுக் கூடத்திலிருந்து எழுந்து, தன் வீட்டுக் கதவைத் தானே சாத்திவிட்டு வெளியே மாடிப்படிக்குப் போய்விட்டார். அவர் மனைவி காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் வந்து திகைத்து நின்றாள். உள்ளே நாலு பேர். சேர்மன் கையைத் தூக்கவில்லை, மற்ற மூன்று பேரும் தூக்கினார்கள். அந்தக் கோடையிலேயே வேலை நடந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பார்க்க நான் அங்கே இல்லை. இரண்டாவது விஷயம், மேனேஜரை வேலையிலிருந்து நிறுத்துவது.

என் விஷயம் பேசும்போது நான் உட்காரக் கூடாது. எழுந்து வெளியே போனேன். படிக்கட்டில் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"உத்தரம் பாஸாயிட்டுது. இப்ப என் விஷயம்."

"உம்ம விஷயமா?"

"என்னைத் தூக்கறாங்க அண்ணாச்சி. நாலு பேர்ல ரெண்டு பேர் என் பக்கம் நிப்பாங்க. சமமாச்சுன்னா சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. நீங்க உள்ள போங்க. மரம் விஷயம்தான் முடிஞ்சு போச்சே."

அவர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். 

"நான் உள்ள போனா உமக்குத்தான் கை தூக்குவேன்" என்றார். "நீர் செஞ்சது சரின்னு தூக்குவேனா, அன்னைக்கு அத்தனை பேர் முன்னால தலை குனிஞ்சனே, அதுக்குப் பரிகாரமாத் தூக்குவேனா? எனக்கே தெரியல. தெரியாதவன் எப்படிவே ஓட்டுப் போடுவான்?"

எனக்கு வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். ஐயா, அதையெல்லாம் இன்றைக்குப் பார்க்காதீர்கள், உள்ளே போய் ஒரு கையைத் தூக்குங்கள் என்று கெஞ்ச வாய் வரை வந்தது. கெஞ்சவில்லை. அவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே சேர்மனின் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி செய்தது சரி. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. ஆனாலும் சரி.